சரோஜா சிரிக்காத படம்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் கறுத்து, வராமலே போனது. கோலாலம்பூரிலிருந்து மல்லிப் பெட்டிகள் தாமதம். ஐஸ் பாதி தண்ணீர், அடிப்பூ பழுப்பு. வேன் டிரைவரிடம் சத்தம் போட்டேன்.

"வெயிலு என் கையிலயா இருக்கு, தவுக்கே?"

இல்லைதான். ஆனால் தவுக்கே, அதாவது முதலாளி, நான்தான். பணம் என் கையில் இருக்கிறது. பழுத்ததைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பில் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனான்.

வேலைகள்:
குளிர் அறைக் கதவு ரப்பர் மாற்ற.
தங்கா பத்து கோயில் திருவிழா மாலைக்கு விலை பேச.
ச. பாஸ்போர்ட்.

(ச. என்றால் சரோஜா. கடைச் சீட்டுகளில் கிறுக்கிக் கிறுக்கி, வீட்டுக்காரி பெயரும் ஒரெழுத்தாகிவிட்டது.)

முதல் இரண்டும் ஒரு போனில் முடியும். மூன்றாவதுதான் மலை. கவிதாவுக்கு ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேயே வேலை. என் பாஸ்போர்ட் இன்னும் ஓடும். ச. பாஸ்போர்ட் காலாவதி. புதுப்பிக்கப் புதுப் படம் வேண்டும். ச. படம் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டு பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை, வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடப்பக்கம் தானாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முகவாதம் என்றார் டாக்டர். மருந்து, மசாஜ், ஊதல் பயிற்சி எல்லாம். முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதிக் கால்வாசிக்காக அவள் கடை முகப்பை விட்டுப் பின்னறைக்குப் போய்விட்டாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு மாலை கட்டுகிறாள். கொரோனா விட்டுப்போன ஒரே வசதி, முகக்கவசம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அதற்கு முன் கடை முகப்பு அவளுடையது. அவள் சிரித்து "வாங்க" என்றால் ஒரு முழம் கேட்டு வந்தவன் மூன்று முழம் வாங்குவான். நான் பூ விற்கிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

ஜூலை 2, புதன்

கவிதா வீடியோவில் வந்தாள். ச. போனைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினாள். எப்போதும் இப்படித்தான். மகளுக்கு இரண்டு வருடமாக எங்கள் வீட்டு மின்விசிறிதான் அம்மா.

"அம்மா, நீங்க வராட்டி நான் யாரைம்மா பக்கத்துல வெச்சிக்குவேன்?"

"அப்பா வர்றாரில்ல."

"அப்பா வந்து என்ன செய்வாரு? லேபர் ரூம்ல பேரம் பேசுவாரு!"

சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு கவிதா சிரிக்காமல் சொன்னாள்: "அம்மா வரலன்னா நீங்களும் வர வேணாம்ப்பா. தனியா உங்களைப் பார்த்தா எனக்கு அழுகைதான் வரும்."

ச. எழுந்து போய்விட்டாள். சமையலறையில் குழாய்ச் சத்தம். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சாமந்தி நாளைக்கு ஒரு பெட்டி கூடுதல். மறக்கக் கூடாது.

ஜூலை 3, வியாழன்

வெயில். குளிர் அறை ரப்பர் மாற்றியாகிவிட்டது. கேட்ட கூலியில் பாதிதான் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிப் போனான். இன்னும் குறைத்திருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ச.-விடம் என் முறையில் பேசினேன். "சாம்பிள் பார்க்கக் காசு வேணாம். என் போன்ல எடுக்கிறேன். பிடிக்கலன்னா உன் கையாலயே அழிச்சிடு." புடவைக் கடைக்காரன்போல் பேசுகிறேன் என்றாள். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்லாத வாடிக்கையாளர் பாதி வாங்கினவர்.

கவிதா விதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வெள்ளைப் பின்னணி. அடர்ந்த நிற உடை. கண்ணாடி கூடாது. நேராகப் பார்க்க வேண்டும். கண் இரண்டும் திறந்திருக்க வேண்டும். புருவம் தூக்கக் கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும். பல் தெரியக் கூடாது. சிரிக்கக் கூடாது. மெஷின் முகத்தை அளந்து பார்க்குமாம். சிரித்தால் அளவு மாறிவிடுமாம். சரி, மெஷினும் வியாபாரிதான். அளவு பார்த்துத்தான் சரக்கு எடுக்கும்.

சுவரில் என் வெள்ளை வேட்டியை ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். ச.-வை நாற்காலியில் உட்கார வைத்தேன். முகக்கவசத்தைக் கழற்றினாள். கழற்றியதும் இடது கை தானாக வாயோரம் போனது.

"கைய எடு."

"எடுக்கிறேன். நீங்க பார்க்காதீங்க."

"பார்க்காம எப்படிம்மா எடுக்கிறது? நான் என்ன மந்திரவாதியா?"

அவளைத் தைரியப்படுத்த வேண்டுமே என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வேன் டிரைவர் கதை. லாரிக்குப் பின்னால் ஆடு ஏறிக்கொண்டு மாலை தின்ற கதை. கிளிக் கிளிக் என்று எடுத்துத் தள்ளினேன். நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக் கவிதாவுக்கு அனுப்பிவிட்டேன். ச. பார்க்கவில்லை. "எனக்குக் காட்ட வேணாம்" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். சரமெல்லாம் காலி. கவிதா போன். குடிநுழைவுத் துறை இணையத்தில் படத்தை ஏற்றினாளாம். ஏற்றிய வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. முகபாவம் சரியில்லை என்று சிவப்பு எழுத்தில்.

நான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது தப்பு. பின்னறையில் நார் அறுக்கும் சத்தம் நின்றது.

ச. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, மெதுவாக: "மெஷினுக்கே என் மூஞ்சி புடிக்கல."

கூடவே உட்கார்ந்து கட்டும் தங்கமணி அதட்டினாள். "அலமாக், என்னக்கா பேச்சு இது! மெஷினுக்கு என்னா தெரியும்?"

"நீங்க மட்டும் மககிட்ட போங்க. நான் கடையைப் பார்த்துக்கிறேன்." இது ச. எனக்குச் சொன்னது. சாயங்காலத்துக்குள் நான்கு பேர் கட்டும் மாலையை அவள் ஒருத்தி கட்டி முடித்தாள். கோபத்தில் அவள் கை ஓடும் வேகத்தைப் பார்க்க வேண்டும். மலாக்கா மாநிலத்தில் அவள்போல் ரோஜா மாலை கட்ட ஆள் கிடையாது. இதை நான் புருஷனாகச் சொல்லவில்லை, முதலாளியாகச் சொல்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று முழுக்க ஒரு கல்யாணம், எழுத நேரமில்லை. இன்று விட்டுவிட்டு மழை.

கடை மூடிய பிறகு போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரும்பி வந்த சரக்கு எதனால் திரும்பியது என்று பார்க்காமல் அடுத்த சரக்கு அனுப்புகிறவன் கடையை மூட வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பூ விற்ற காலத்திலிருந்து இதுதான் என் வழக்கம்.

எல்லாப் படத்திலும் ச. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். என் ஆட்டுக் கதைதான் காரணம். வலது உதடு மேலே போகிறது, இடது உதடு நின்ற இடத்தில் நிற்கிறது. உதடு அசைந்தாலே இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. டாக்டரும் அப்போதே சொன்னார், நரம்பு மறுபடி முளைக்கும்போது தடம் மாறிவிட்டது என்று. ஆக ஒரே படத்தில் இரண்டு விதி காலி.

ஒரே ஒரு படம் வேறு மாதிரி. நான் போனைச் சரி செய்கிறேன் என்று நினைத்து அவள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது தெரியாமல் அழுத்தியது. கண் நேராகப் பார்க்கவில்லை, அதனால் உதவாது. ஆனால் முகம்! வாய் நேராக இருக்கிறது. கண் இரண்டும் ஒரே அளவு. பழைய சரோஜா.

இரண்டு வருடமாக நான், கவிதா, தங்கமணி, எல்லாரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே பேச்சு: "கொஞ்சம் சிரி." அவளால் முடியாததை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த மெஷின் ஒன்றுதான் அவளிடம் சிரிக்காதே என்று சொல்லியிருக்கிறது.

அவளிடம் காட்டினேன். போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

"வியாழக்கிழமை."

"பழசு இல்லையே?"

"பின்னால என் வேட்டி தொங்குது பாரு. கறை கூடத் தெரியுது."

கறையைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். "நீங்க வாயை மூடினாத்தான் என் வாய் மூடும்" என்றாள். "வேற யாராச்சும் எடுத்தா வர்றேன்."

ஜூலை 8, செவ்வாய்

வெயில், காற்று. கடையைத் தங்கமணியிடம் விட்டுவிட்டு ஆலோர் காஜா டவுனில் கக் நோர் ஸ்டுடியோவுக்குப் போனோம். கக் நோர் மலாய்க்கார அம்மா. கல்யாண மேடை அலங்காரத்துக்கு என்னிடம்தான் ரோஜா எடுப்பார். கறாரான ஆள், கடன் வைக்காத ஆள். அதனால் பிடிக்கும்.

ச. பச்சைப் புடவையில் வந்திருந்தாள். கக் நோர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். புடவைக்கு மேலே கோட்டு. அடர்ந்த நிறம் வேண்டுமே. ஊரில் பாஸ்போர்ட் எடுத்த பாதிப் பேர் போட்டுக் கழற்றிய கோட்டு. பவுடர் வாசம், யார் யாருடைய சென்ட் வாசமோ. ச.-வுக்குத் தோள் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

நான் வாயைத் திறந்தேன். கக் நோர் என்னைக் கதவுப் பக்கம் கை காட்டினார். "தவுக்கே லுவார்." முதலாளி வெளியே. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ச. முகக்கவசத்தைக் கழற்றினாள். கை வாயோரம் போனது. கக் நோர் அந்தக் கையைச் சாதாரணமாகப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, முகவாயை விரலால் ஒரு இம்மி திருப்பிவிட்டுப் போனார். எப்படி ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று ஒரு கேள்வி இல்லை. பாவப் பார்வை இல்லை. தினமும் வருகிற நூறு முகத்தில் இது ஒன்று.

"ஜாங்ஙான் செஞ்யும், கக்." சிரிக்காதீங்க அக்கா. அவர் வாயில் எல்லாருக்கும் வருகிற அதே வார்த்தை. இவளுக்கும் அதையே சொன்னார்.

ச. சிரிக்கவில்லை. வாயை மூடினாள். நேராகப் பார்த்தாள். விளக்கு மின்னியது. இன்னொரு தடவை. முடிந்தது.

கணினித் திரையில் படம் வந்தது. என்னையும் உள்ளே விட்டார்கள். கறுப்புக் கோட்டு, நேர்ப் பார்வை, மூடிய வாய். பெரிய கம்பெனியின் ஜெனரல் மேனேஜர். கடனுக்குக் கேட்டு வந்தவனைப் பேச்சில்லாமல் திருப்பி அனுப்புகிற முகம்.

"ச்சாந்தெக்" என்றார் கக் நோர். அழகு. சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லாரியில் வரும்போது ச. சொன்னாள்: "அந்தக் கோட்டு என்ன விலை இருக்கும்?"

"ஏன், வேணுமா?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆள் இல்லை அவள். முகக்கவசம் மடியிலேயே கிடந்தது. எங்கள் ஊர் ரெம்பியா முச்சந்தி வந்ததும் மாட்டிக்கொண்டாள். ஆனாலும் அதுவரை மடியில்.

ஜூலை 9, புதன்

படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது!! கவிதா போனில் கத்தியது பக்கத்துக் கோப்பிக் கடை வரை கேட்டது. பாஸ்போர்ட்டை அடுத்த வாரம் போய் வாங்கிக்கொள்ளலாம்.

கக் நோரிடம் சொல்லி அதே படத்தைப் பெரிதாக அடிக்கக் கொடுத்துவிட்டேன், சட்டமும் சேர்த்து. சட்டம் தங்க நிறம். விலை அதிகம்தான். குறைத்துக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் குறைத்துக் கேட்காமல் வாங்கியவை கொஞ்சம், இது ஒன்று.

தங்கா பத்து திருவிழா மாலை நமக்கே. அலங்கார வளைவும் சேர்த்து.

ஜூலை 11, வெள்ளி

படம் வந்தது. கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டினேன். இடப்பக்கம் பிள்ளையார், வலப்பக்கம் லைசென்ஸ், நடுவில் மேனேஜர். ச. வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றாள். நிமிர்த்தினேன். கழற்றச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பின்னறைக்குப் போகுமுன் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஆணி அடித்த கையோடு நானும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். சாலையிலிருந்தே தெரிகிறது.

ஜூலை 12, சனி

இன்று நடந்ததை முறையாக எழுத வேண்டும்.

காலையில் நான் தங்கா பத்தில். கோயில் வாசலில் ஏணி மேல் நின்று வளைவுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். போன் லாரியில். இறங்கி வந்து பார்த்தால் திரை நிறையச் செய்திகள். முதலில் இருந்தது கோயில்காரர்கள் வாட்ஸ்அப் குழு. ச. படம். அதே கறுப்புக் கோட்டு, அதே தங்கச் சட்டம். சட்டத்துக்கு மேலே மாலை. கீழே சின்ன விளக்கு எரிகிறது. 'ஆழ்ந்த அனுதாபங்கள். ரெம்பியா பூக்கடை சரோஜா அண்ணி இறைவனடி சேர்ந்தார்.' கீழே கும்பிடும் கைகளாக வரிசை. போட்டவர் சுங்கை ரம்பாய் கோயில் செயலாளர் பாலா.

படம் நான் மாட்டியது. தப்பு நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ச.-வுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கடை போன் பேச்சில் இருக்கிறது. காலையில் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் முகவாதம் வந்த அன்றும் பல் விளக்கும்வரை நன்றாகத்தான் இருந்தாள்.

ஏணி, கத்தி, பூ எல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு லாரியை எடுத்தேன். வழி முழுக்க மூளை ஒன்று சொல்கிறது, கால் ஒன்று சொல்கிறது. ஆலோர் காஜா சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருந்தவர் தெரிந்தவர். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். நான் பச்சை விழுந்ததைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன்.

கடை முன்னால் கூட்டம். நடைபாதை நிறையச் செருப்பு. லாரியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல். ரெண்டு வருடமாகக் கேட்காத உயரத்தில்:

"யாருக்கு மாலைன்னு கேட்டேன்ல? சொல்லுங்க!"

விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கல்லாவில் சரோஜா. முகக்கவசம் இல்லை. ஈரக் கை, இடுப்பில் சொருகின முந்தானை. எதிரே செயலாளர் பாலா, வியர்த்துப்போய், கையில் பெரிய சாமந்தி மாலை.

"உங்களுக்குத்தான் அண்ணி..."

"எனக்கா? எங்க வாங்கினே?"

பாலா ஒரு கடையின் பெயரைச் சொன்னான். டவுனில் எனக்குப் போட்டிக் கடை.

"அங்கயா வாங்கினே?" ச. கேட்டது அதைத்தான். "இத்தனை வருஷமா எங்க கடையில வாங்கிட்டு, நான் செத்ததும் அங்கயா போனே?"

"செத்த வீட்லயே எப்படி அண்ணி மாலை வாங்குறது? மரியாதையா இருக்குமா?"

"கொண்டா இங்க." மாலையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "நார் இழுக்குது. பூ நேத்தைய பூ. இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிய்யா போவேன்?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

எப்படி நடந்தது என்று தங்கமணி அழுதுகொண்டே சொன்னாள். தினமும் காலையில் கடையிலிருக்கும் எல்லாப் படத்துக்கும் பூ வைப்பது அவள் வேலை. பிள்ளையாருக்கு வைத்தாள், முருகனுக்கு வைத்தாள், அம்மனுக்கு வைத்தாள். அக்காவைச் சும்மா விட மனம் வரவில்லை. மிச்சமிருந்த ரோஜா மாலையைப் போட்டாள். பிள்ளையாருக்கு வைக்கிற அகல் காற்றில் அணைந்ததால் அதை நகர்த்தி அக்கா படத்துக்குக் கீழே வைத்தாள். பிறகு கோப்பி வாங்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து பாலா. கல்லாவில் ஆளில்லை. சுவரில் படம், சிரிக்காத முகம், மாலை, விளக்கு. ச.-வை அவன் பார்த்தே ரெண்டு வருடம். உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்திருக்கிறது. வேறென்ன நினைப்பான்? நம் ஆட்கள் உயிரோடிருக்கும்போது சிரிக்கிற படம் மாட்டுவார்கள். தனியாக ஒரு முகம், நேர்ப்பார்வை, மேலே மாலை என்றால் கேள்வியே இல்லை. பிள்ளையார் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டு, மாலை வாங்கப் போய்விட்டான். ச. திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். போன் பூக்குவியலுக்கு அடியில்.

முதலில் வந்தவர்கள் கதவருகில் நின்று அழுதிருக்கிறார்கள். யாரோ செத்துவிட்டார்கள், பூ வேண்டும்போல என்று ச. உள்ளேயிருந்தே "என்ன மாலை வேணும்?" என்று கேட்டிருக்கிறாள். அழுகை நின்றுவிட்டதாம். குரலைக் கேட்டு ஒரு ஆள் நடைபாதை வரை பின்வாங்கினாராம். அதைப் பார்க்கத்தான் முகக்கவசம் மாட்ட நேரமில்லாமல் அவள் வெளியே ஓடி வந்திருக்கிறாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை.

இதற்குள் வாடகைக் காரில் பொன்னம்மா அக்கா வந்து இறங்கினார். நான் பிறந்த எஸ்டேட்டில் அடுத்த லயத்து வரிசை வீடு. எனக்கு அக்கா முறை, ச.-வுக்கு நாத்தனார் மாதிரி. நெஞ்சில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தவர், ச.-வைப் பார்த்ததும் நின்றார். கிட்டே போய் இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தார்.

"உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன் அக்கா."

"அப்ப மொகம் ஏன்டி இப்படி கோணிக்கிடக்கு?"

ரெண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்றுதான் அவள் திரைக்குப் பின்னால் போனது. நான் குறுக்கே போக நினைத்தேன். போகவில்லை.

"கோணல்தான் அக்கா. வாதம் அடிச்சது." ச. குரலில் நடுக்கமில்லை. "பேரம் பேசறதுக்கு ஒரு பக்கம் போதும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். வலப்பக்கம் மேலே போக, இடது கண் மூடிக்கொண்டது.

பொன்னம்மா அக்கா உதட்டைப் பிதுக்கினார். "அடி, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறியா? இந்த வயசுல!"

அவ்வளவுதான். பாலா சிரித்தான், தங்கமணி அழுதுகொண்டே சிரித்தாள், கோப்பிக் கடைக்காரன் கரண்டியோடு வந்து சிரித்தான். ச. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கண்ணடித்தாள். இந்தத் தடவை வேண்டுமென்றே.

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆளுக்கு ஒரு முழம். இலவசம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ச. காசு வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வியாபாரம், இரண்டு மடங்கு.

தங்கா பத்து வளைவு பாதியில் நின்றது. சாயங்காலம் போய் முடித்தேன். கோயில்காரர் கேட்டார், "எப்பண்ணே எடுக்கிறாங்க?" எடுக்கவில்லை, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

மழை. அனுதாபம் சொல்லிப் போன்கள். எல்லாவற்றையும் ச.-வே எடுத்தாள். "ஆமா, நான்தான் பேசறேன். ஆடி வருது, ஆர்டர் சொல்லிடுங்க."

குழுவில் பாலா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறான். கீழே அதே கும்பிடும் கைகள்.

கவிதா வீடியோவில் வந்தாள். ச. போனை நேராக வைத்தாள். கவிதா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். பிறகு: "அம்மா... முடி நரைச்சிருச்சேம்மா!"

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மகள் அவள்.

ஜூலை 16, புதன்

தெளிவான வானம். குடிநுழைவு அலுவலகம். நல்ல கூட்டம். ச. அதே பச்சைப் புடவை. முகக்கவசம் கொண்டு வரவில்லை, மறந்தேன் என்றாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

முகப்பில் இளைஞர் ஒருவர். பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார். ச.-வைப் பார்த்தார். அவள் அப்போது பக்கத்து வரிசைச் சீனத்து ஆச்சியோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள், ஒரு கண் மூடி. அவர் மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இனி புவான் கா?" இது நீங்கதானா?

ச. சிரிப்பை நிறுத்தினாள். தோளை நிமிர்த்தி, வாயை மூடி, அவரை நேராகப் பார்த்தாள். அதே மேனேஜர். அந்தப் பையன் தானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. இரண்டு. ஜன்னல் அவளுக்கு. கறுப்புக் கோட்டு ஒன்றும் வாங்கினேன். பெர்த்தில் குளிர் என்று காரணம் சொன்னேன். விலையை அவள்தான் பேசிக் குறைத்தாள்.

கடைக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றிவிட்டாள்.

"ஏன்?"

"நான்தான் இங்க நிக்கிறேன்ல."

துடைத்து, தாளில் சுற்றித் தங்கமணியிடம் கொடுத்தாள். "நாங்க ஊருக்குப் போனதும் மாட்டு. பூ மட்டும் வெச்சேன்னு வை, வந்து உனக்கு நானே மாலை கட்டுவேன்."